தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

ஈப்போவில் ஒரு கூட்டத்துக்கு என் மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். குளிர்சாதன மண்டபம், நடுங்க வைக்கும் குளிர். மேடையில் பேசியவர் 'மனித உரிமை அடிப்படையிலான மேம்பாட்டு அணுகுமுறை' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் மகளின் காதில் கேட்டேன், அப்படியென்றால் என்னவென்று.

"ஒண்ணுமில்லம்மா. ஒருத்தருக்கு ஒண்ணு இல்லேனா பாவம்னு குடுக்கிறது ஒரு வகை. அது அவங்களுக்குச் சேர வேண்டியது, குடுக்க வேண்டியவங்க இன்னார்னு தெரிஞ்சு அவங்களே போய்க் கேக்கிறது இன்னொரு வகை. இது ரெண்டாவது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமுவதுபோல் நடித்தேன். எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு கக்கூஸ் கதவு. அதை அவ்வளவு பெரிய மண்டபத்தில் எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் ஏது? எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் பாகான் செராயிலிருந்து கல்யாணமாகி, காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு வந்தேன். என் அப்பாவுக்குச் சாலை போடும் இலாகாவில் வேலை. எங்கள் குவாட்டர்ஸ் ஒழுகும். ஆனால் கக்கூசுக்குக் கதவு இருந்தது. கதவு என்பது பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய பொருள் என்று எனக்கு அப்போது தெரியாது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அப்பா எல்லாம் விசாரித்தார். குடிப்பாரா, கடன் உண்டா, மாமியார் குணம் எப்படி. கக்கூசை யார் விசாரிப்பார்கள்?

தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, பின்னால் வரிசையாகச் சிமெண்டு அறைகள். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். கூரை இருந்தது, மூன்று பக்கச் சுவர் இருந்தது. நாலாவது பக்கம் ரப்பர் மரங்களைப் பார்த்தபடி திறந்து கிடந்தது. ஒரு காலத்தில் கதவுகள் இருந்தனவாம். ஒன்று உளுத்து விழுந்ததாம். இன்னொன்று ஒருவர் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குச் சுவராகிவிட்டது. வேறொன்றின் மேல்தான் கோயில் திருவிழாவுக்குக் காய்கறி நறுக்கினார்கள். அந்தக் கத்திரிக்காய்ச் சாம்பாரை நானும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் பலகையின் பூர்வீகம் எனக்குத் தெரிய வந்தது.

கதவு இல்லாத ஊரில் அதற்கென்று ஒரு வழக்கம் தானாக உண்டாகியிருந்தது. பெண்கள் தனியாகப் போவதில்லை. ஜோடியாகத்தான். ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வாசலில் கைலியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரந்தர ஜோடி உண்டு. இதனால் ஒரு நன்மையும் இருந்தது. எங்கள் லயத்தில் பெண்களுக்குள் சண்டை நீடிக்காது. காலையில் கிணற்றடியில் மயிரைப் பிடித்துக்கொண்டவர்கள் மத்தியானத்துக்குள் சமாதானம் ஆகித்தான் தீர வேண்டும்.

எனக்கு வாய்த்த ஜோடி பக்கத்து வீட்டு அக்கா. நல்ல மனசு. குரல்தான் பெரிது. கைலியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியாது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அறிவிப்புச் செய்வார்.

"அண்ணே, அந்தப் பக்கம் சுத்திப் போங்க. பாகான் செராய்ப் பொண்ணு உள்ள இருக்கு!"

"யாரு? புதுசா வந்த பொண்ணா?"

"ஆமாலா. கொஞ்சம் நேரமாகும். கூச்சப்படும்."

உள்ளே இருக்கும் எனக்குப் பூமி பிளக்காதா என்றிருக்கும். பூமி பிளந்தால் அந்த இடத்தில் எங்கே போய் விழுவேன் என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் என் அழுகையைப் பார்த்துவிட்டு, எங்கேயோ கிடந்த ஒரு தகரத்தைச் சட்டத்தில் அடித்து ஒரு அறைக்கு மாட்டினார். மறுநாள் எங்களை மேய்க்கும் மேஸ்திரி, மண்டோர், வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார். தகரம் ரப்பர் பால் ஸ்டோருடையதாம். தவிர, தோட்டத்துக் கட்டடத்தில் ஆபீஸ் அனுமதி இல்லாமல் ஆணி அடிக்கக் கூடாதாம். தோட்டமும் கதவு மாட்டாது, நாமும் மாட்டக் கூடாது என்றால் என்னதான் செய்வது? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அது கொஞ்ச நாள் ஓடியது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கர்ப்பமானேன். அந்த நேரத்தில் உடம்பு நம் பேச்சைக் கேட்காது. அடிக்கடி போக வேண்டும், தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். நான் குடிக்கவில்லை. ஒரு நாள் மேட்டு நிரை மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்து மருந்துக்காரர் என் நாக்கைப் பார்த்துவிட்டு, "பிள்ளை வேணுமா வேணாமா? தண்ணி குடி!" என்று திட்டினார். குடிக்கிறேன் ஐயா என்று தலையாட்டினேன். குடித்தால் பிறகு எங்கே போவது என்று அந்த ஆம்பளையிடம் எப்படிக் கேட்பது?

அப்போதுதான் ஈப்போவிலிருந்து ஒரு பெண் வர ஆரம்பித்தது. இருபத்தைந்து வயது இருக்கும். ஏதோ ஆபீசில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சேக்காளிகளோடு தோட்டங்களுக்குப் போகும் வழக்கம். எங்களுக்கு வெளியாட்கள் வருவது புதிதல்ல. தீபாவளிக்குப் பட்டணத்துச் சங்கத்தார் வருவார்கள். சேலை, பிஸ்கட், பால் டின் கொடுப்பார்கள். நாங்கள் மாலை போடுவோம், பிள்ளைகள் பாட்டுப் பாடும், போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கிச் செம்மண் சாலையில் நடந்து வந்தது. கையில் ஒன்றுமில்லை.

"என்னலா இது, கைய வீசிக்கிட்டு வந்திருக்கு?" என்றார் அக்கா, அந்தப் பெண்ணின் காதில் விழும்படியாகவே.

"ஆமாக்கா, ஒண்ணும் கொண்டாரலே. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன கேக்கணும்?"

"இங்க எது யாருக்குக் கஷ்டம்னு."

ஆண்கள் முதலில் பேசினார்கள். பந்து விளையாடும் இடத்துக்கு வலை வேண்டும், கோயிலுக்கு ஒலிபெருக்கி வேண்டும். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெண்களோடு தனியாகப் பேச வேண்டும் என்றது. நாங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் கூடினோம். கூடியதோடு சரி. வெகு நேரம் கழித்து அக்கா எழுந்து போய்த் தன் வீட்டுக் கொடியிலிருந்து கைலியை உருவிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணின் முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"இதான் எங்க கக்கூசுக் கதவு. கை வலிக்குது."

அவ்வளவுதான், எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். நான்கூட ஒரு வாக்கியம் சொன்னேன்.

அந்தப் பெண் கேட்டது: "சரி, கதவு மாட்ட வேண்டியது யாரு?"

முனியாண்டி சாமி என்றது ஒரு குரல். தீபாவளிக்கு வரும் சங்கத்தார் என்றது இன்னொன்று. "எங்க வீட்டுக்காரரு" என்று நான் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அவர் தகரம் பறிபோன கதை எல்லாருக்கும் தெரியும்.

"எஸ்டேட்டுதான்" என்றது அந்தப் பெண். "தொழிலாளி குடியிருக்கிற எடம் எப்படி இருக்கணும்னு சட்டம் இருக்கு. கக்கூசும் அதுல சேத்தி."

அக்கா சந்தேகமாகப் பார்த்தார். "சட்டத்துக்கு நம்ம கக்கூசத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப நீயே போய்த் தொரைகிட்டச் சொல்லிடேன். படிச்ச பொண்ணு."

"எனக்கு எங்க வீட்ல கதவு இருக்கே. நான் கேட்டா வேற யாருக்கோ கேக்கிற மாதிரி ஆயிடும். நீங்க கேளுங்க, நான் வெளிய நிக்கிறேன்."

நாங்கள் போவது என்று முடிவாயிற்று. இங்கேதான் எங்கள் தோட்டத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் ஒன்று நடந்தது. தோட்டத்து மேனேஜர்தான் எங்களுக்குத் தொரை, அவரைப் பார்க்க வெறுங்கையோடு போவதா? எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அப்படி ஒருவரும் போனதில்லை. அக்கா முறுக்குச் சுட்டார். நான் சாமந்தியில் மாலை கட்டினேன், நடுநடுவே துளசி வைத்து. நன்றாகவே அமைந்துவிட்டது. பெரிய தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். ஒரு கல்யாணத்துக்குப் போவதுபோல் ஆபீசுக்குப் போனோம்.

தொரை வெளியே வந்தார். மாலையைப் பார்த்ததும் தானாகவே தலையைக் குனிந்தார், பழகிய தலை. அக்கா மாலையைப் போட்டார். தட்டைக் கொடுத்தார். மாலை போட்ட கழுத்தைப் பார்த்து உங்கள் கக்கூசில் கதவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன விசயம் பிள்ளையள்?" என்று கேட்டார்.

"சும்மா, தொரையப் பாத்துட்டுப் போலாம்னு" என்றார் அக்கா.

தொரை ஒரு முறுக்கைக் கடித்தார். "நல்லா இருக்கு. பாகுஸ், பாகுஸ்" என்றார். அவருக்கும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. கிராணியாரிடம் சொல்லி ஒரு பெரிய டின் பிஸ்கட் கொடுத்தனுப்பினார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் ஓட்டமாக வந்தது. "என்னக்கா, கதவு கிடைச்சதா?"

அக்கா பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். அந்தப் பெண் பிஸ்கட்டைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. பிறகு கொட்டகைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிஸ்கட் நன்றாக இருந்தது. எனக்கு மட்டும் உள்ளே பயம். வயிறு பெருத்துக்கொண்டு வந்தது. குந்தி எழுவதே பாடு, இதில் கைலிக்குப் பின்னால் அவசர அவசரமாக எழுவது எப்படி? நான் இன்னும் தண்ணீரைப் பயந்து பயந்துதான் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு கொட்டகையில் ஒத்திகை. அக்காதான் தொரை. வீட்டுக்காரரின் முழுக்காற்சட்டையைக் கைலிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் ஒவ்வொருத்தியாகப் போய்க் கேட்க வேண்டும். அக்கா யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

"கதவா? உங்க அம்மாவுக்குக் கதவு இருந்துச்சா? போ, போ, பால வெட்டு!"

"யக்கா, நீ தொரையா வந்தா எங்களுக்குச் சம்பளமே கிடைக்காதுலா" என்றாள் ஒருத்தி.

கேட்பது எப்படி என்று ஒருவாறு பழகிவிட்டது. பழகாதது கைகள்தான். தட்டு இல்லாமல் நின்றால் இந்தக் கைகளை எங்கே வைப்பது? கட்டினால் பணிவாகிவிடும், இடுப்பில் வைத்தால் சண்டை ஆகிவிடும். பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னது அந்தப் பெண். அப்படி நின்றால் போலீஸ்காரர்போல் இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

அப்படியே போனோம், வரிசையாகக் கைகோத்துக்கொண்டு. தொரை வெளியே வந்து மாலையைத் தேடினார். கிராணியாரும் தேடினார்.

"அப்பா ஹால்?" என்று மலாயில் கேட்டார் தொரை, என்ன சங்கதியென்று.

"கக்கூசுக்குக் கதவு வேணும் தொரை" என்றார் அக்கா. சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. "அத மாட்ட வேண்டியது எஸ்டேட்டு. சட்டம் இருக்கு."

தொரையின் முகம் மாறியது. சட்டம் என்ற சொல்லை எங்களில் ஒருத்தி வாயிலிருந்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "யாரு சொல்லிக் குடுத்தது?"

"வயிறு தொரை" என்றார் அக்கா. "தொழிலாளர் இலாகா ஆளுங்க வந்தா அவங்ககிட்டயும் காட்டுவோம். கதவு இல்லாததால பாக்கிறது சுலபம்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிராணியார்தான் என்று நான் நினைக்கிறேன். தொரை, பார்ப்போம் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

சில வாரங்களில் கதவுகள் வந்தன. சீன ஆசாரி ஒருவர் லாரியில் கொண்டுவந்து மாட்டினார். பச்சைப் பெயிண்ட். முழுக் கதவு, கீழே இடைவெளிகூட அதிகமில்லை. நான் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தேன்.

மாட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. வெளியே இருந்தது. வெளித் தாழ்ப்பாளில் கதவுக்கொரு பூட்டுத் தொங்கியது. சாவி ஆபீசில்.

அக்கா கிராணியாரிடம் ஓடினார். அவர் நிதானமாகச் சொன்னார்: "புதுக் கதவு பாருங்கோ. பழசெல்லாம் எங்க போச்சுதெண்டு எனக்குத் தெரியும். தேவையான ஆக்கள் ஆபீசில வந்து கேட்டுச் சாவிய வாங்கிக்கொண்டு போங்கோ. ஞாயிற்றுக்கிழமை தொரை வந்து திறந்து வைப்பார். மாலை மறக்கக் கூடாது." பிறகு என்னைக் கைகாட்டி, "நல்லாத் தமிழ் வாசிக்கிற பிள்ளை, நீர் ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்" என்றார்.

அவசரம் வந்தால் ஆபீஸ் வரை நடந்துபோய், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அந்தக் கண்களிடம் சாவி கேட்க வேண்டும். இதற்குக் கைலியே தேவலை. அக்காவின் அறிவிப்பு லயத்தோடு நின்றுவிடும். இது ஆபீஸ் வரை எட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கக்கூஸ் வாசலில் கூடிவிட்டோம். ஆண்கள்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஈப்போப் பெண் கடைசியில் ஒரு மரத்தடியில் நின்றது. சீன ஆசாரி பாக்கி வேலைக்காகப் பெட்டியோடு வந்திருந்தார். தொரை மாலையைப் போட்டுக்கொண்டார், கிராணியார் கொடுத்த சாவியால் முதல் பூட்டைத் திறந்தார், எல்லாரும் கைதட்டினோம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை எடுத்துக்கொண்டார்.

"இப்ப அந்தப் பிள்ளை பேசும்" என்றார் கிராணியார்.

நான் முன்னால் வந்தேன். ஆறு மாத வயிறு. காலையிலிருந்து வெயிலில் நின்றிருந்தேன். குடித்த தண்ணீர் உள்ளே தன் காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டிய நன்றி வாசகம் மனப்பாடமாக இருந்தது. வாயைத் திறந்தால் அது வரவில்லை. அக்கா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினார்.

"தொரை" என்றேன். "உங்க பங்களாவுல கக்கூசுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

கிராணியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் அவரை அவமானப்படுத்தக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன். தொரையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. தலையைச் சாய்த்து, வலது கையை முன்னால் நீட்டி, இல்லாத ஒரு தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார்.

"உள்ளே" என்றார்.

"எங்களுக்கும் உள்ளதான் வேணும்."

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். பிறகு லயமே சிரித்தது. தொரையின் காது சிவந்தது. கழுத்து மாலையோடு திரும்பி ஆசாரியைப் பார்த்தார். ஆசாரி கையை விரித்து, "கிராணி சூரோ லுவார், தாவுக்கே" என்றார், கிராணி சொல்லித்தான் வெளியே மாட்டினேன் முதலாளி என்று.

"மாத்து. எல்லாத்தையும் மாத்து. இப்பவே" என்றார் தொரை.

"புதுக் கதவு சேர்..." என்று ஆரம்பித்தார் கிராணியார்.

"கிராணியாரே, உங்க வீட்ல எந்தப் பக்கம்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஆசாரி பெட்டியைத் திறந்து வேலையைத் தொடங்கினார். முதல் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் ஏறியது. இழுத்துக் காட்டினார். கனமான இரும்பு, டக்கென்று விழுந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். யார் முதலில் போவது என்பது பற்றி எங்களில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கோ ஒரு நிமிடம் தாங்காது. ஆனால் தொரை, கிராணி, மண்டோர், தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் கைகட்டி நிற்க, நான் எப்படி நடந்து உள்ளே போவேன்? கதவு வந்து என்ன புண்ணியம்?

"எல்லாரும் போங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. நான் சொன்னது அவ்வளவு மெதுவாக இருந்திருக்க வேண்டும்.

"எல்லாரும் போங்க! தொரை, நீங்களும்தான்."

அவர் போனார். உண்மையாகவே போனார். லேண்ட்ரோவரில் ஏறி, மாலையைக்கூடக் கழற்றாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கிராணியார் பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். ஆண்கள் கலைந்தார்கள். ஆசாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சிகரெட் பற்ற வைத்தார்.

நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். பெயிண்ட் வாசனை. பலகைகளுக்கு நடுவே கோடாக வெளிச்சம். வெளியே யாரோ நடந்தார்கள், யாரோ பேசினார்கள், எதுவும் என்னைப் பற்றி இல்லை. அவசரமாக எழ வேண்டியதில்லை என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. காரியம் முடிந்த பிறகும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து பகல் வேளையில் நான் தனியாக இருந்தது அப்போதுதான்.

கதவு அதிர்ந்தது. அக்காவின் கை.

"அடியே! அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா? எங்களுக்கும் உரிமை இருக்குலா! வெளிய வா!"

"வாரேன்க்கா" என்றேன். ஆனால் உடனே போகவில்லை.